நாவலை எழுதத் தொடங்கும் முன்: கதைப்பின்னலையும் மாந்தரையும் திட்டமிடும் முறை

நாவல் எழுத விரும்புகிறவர்களில் பலர் முதல் மூன்று நான்கு அத்தியாயங்களை ஒரே மூச்சில் எழுதிவிடுகிறார்கள். அதன் பிறகு எழுத்து நின்றுபோகிறது. சோம்பலையோ திறமைக் குறைவையோ இதற்குக் காரணமாகச் சொல்வது வழக்கம். நான் பார்த்தவரையில், கதையின் மையத்தில் நிற்கும் மனிதர் அடுத்து என்ன முடிவெடுப்பார் என்பது எழுதுகிறவருக்கே தெரியாமல் இருப்பதுதான் பெரும்பாலும் காரணம். ஊர் தெரியும், பேச்சு வழக்கு தெரியும், தொடக்கக் காட்சியும் மனத்தில் தெளிவாக இருக்கும். ஆனால் அந்த மனிதர் எதை விட்டுக்கொடுப்பார், எதை உயிரே போனாலும் விட்டுக்கொடுக்க மாட்டார் என்று யோசித்திருக்க மாட்டோம். ஆகவே, ஒரு மனிதர் நெருக்கடியில் எடுக்கும் முடிவுகளைக் கண்டுபிடித்து, ஒரு முடிவின் விளைவிலிருந்து அடுத்த முடிவு பிறக்கும்படி அமைப்பதையே நான் இங்கே திட்டமிடல் என்கிறேன். அத்தியாயத் தலைப்புகளைப் பட்டியலிடுவது அதற்கு வெகுகாலம் பின்னால் வரும் வேலை.

பொதுவான விதிகளாகச் சொன்னால் இது புரியாது. எனவே இன்னும் எழுதப்படாத ஒரு நாவலை எடுத்துக்கொண்டு, அதற்குத் திட்டம் போட்டுப் பார்ப்போம். களம் காவிரியின் கடைமடை, அதாவது ஆற்றுநீர் கடைசியாக வந்துசேரும் பகுதி; நாகப்பட்டினம் மாவட்டத்தில் தலைஞாயிறை அடுத்த ஒரு கற்பனைச் சிற்றூர். காலம் 2012 ஜூன் முதல் 2013 மார்ச் வரை.

கருவை ஒரு வாக்கியத்தில் எழுதுங்கள்

"கடைமடை விவசாயிகளின் துயரம்" என்பது கரு ஆகாது. அது ஒரு பொருள் மட்டுமே. பொருளை வைத்துக் கட்டுரை எழுதலாம், நாவல் எழுத முடியாது. கருவில் ஒரு மனிதர் இருக்க வேண்டும், அவருக்கு ஒரு வேட்கை இருக்க வேண்டும், அந்த வேட்கைக்குக் குறுக்கே இன்னொரு மனிதர் நிற்க வேண்டும், இவை அனைத்துக்கும் ஒரு காலக்கெடு இருக்க வேண்டும். நம் நாவலின் கருவை இப்படி எழுதலாம்: கணவரை இழந்த அஞ்சம்மாள், கூட்டுப் பட்டாவில் இருக்கும் மூன்று ஏக்கர் நிலத்தை இறால் பண்ணைக்குக் குத்தகை விடத் துடிக்கும் கொழுந்தன் பன்னீரை மறுத்து, மகளின் கல்யாணத்துக்கு முன்னால் ஒரு போகம் சம்பா எடுத்துக் காட்ட முயல்கிறாள்.

இந்த ஒரு வாக்கியத்துக்குள் எவ்வளவு செய்தி அடங்கியிருக்கிறது என்பதைக் கவனியுங்கள். கூட்டுப் பட்டா என்றதுமே இருவர் கையெழுத்தும் இல்லாமல் எந்தக் குத்தகைக்காரரும் முன்வர மாட்டார் என்பது தெளிவாகிவிடுகிறது. ஆகவே அஞ்சம்மாளும் பன்னீரும் ஒருவரை ஒருவர் விட்டு விலகிப் போக வழியில்லை. இரு மாந்தரையும் கதை முடியும்வரை ஒரே இடத்தில் கட்டிப்போடும் இத்தகைய கட்டு ஒன்றை முதலிலேயே கண்டுபிடித்துவிட வேண்டும். அது நிலமாக இருக்கலாம், கடனாக இருக்கலாம், ஒரே வீட்டின் இரு பாகமாக இருக்கலாம். கட்டு இல்லாத கதையில் சண்டை வந்ததும் ஒருவர் ஊரைவிட்டுப் போய்விடுவார். எழுதுகிறவர் அவரைத் திரும்ப அழைத்துவரச் சாக்குத் தேடிக்கொண்டிருப்பார்.

மாந்தருக்கு முன்னால் நாட்காட்டி

பலர் இந்த வேலையைக் கடைசிக்குத் தள்ளிவிடுகிறார்கள். நான் இதையே முதலில் செய்யச் சொல்வேன், குறிப்பாக உழவு, மீன்பிடி, பள்ளிக்கூடம், தேர்தல் போன்ற தனக்கென ஒரு காலஒழுங்கு உள்ள களங்களுக்கு. நாவலின் பாதி நிகழ்ச்சிகளை நாட்காட்டியே கொடுத்துவிடும்.

ஒரு பெரிய தாளில் மாதங்களை எழுதி, முதலில் வெளியுலக நிகழ்ச்சிகளைக் குறியுங்கள். 1934இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 120 அடி. டெல்டாவுக்காக அதைத் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. 2012இல் அந்த நாளில் அணை திறக்கப்படவில்லை; செப்டம்பர் 17 அன்றுதான் திறக்கப்பட்டது. திறந்த தண்ணீர் கல்லணையை அடையச் சில நாள் ஆகும். அங்கிருந்து ஆறு ஆறாக, வாய்க்கால் வாய்க்காலாகப் பிரிந்து கடைமடைக்கு வந்துசேர மேலும் பல நாள் ஆகும். அக்டோபர் 31 அன்று நீலம் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. அதன்பின் வடகிழக்குப் பருவமழை கைவிட, ஆண்டு முடிவதற்குள் சம்பா காயத் தொடங்கியது. 2013 பிப்ரவரியில் காவிரி நடுவர் மன்றத்தின் இறுதித் தீர்ப்பு மத்திய அரசிதழில் வெளியானது. இவற்றை நாம் மாற்ற முடியாது. இவற்றுக்கு இடையில்தான் அஞ்சம்மாள் வாழ்ந்தாக வேண்டும்.

இப்போது வீட்டு நிகழ்ச்சிகளை அதே தாளில் வேறு நிறத்தில் குறியுங்கள். "தையில் அறுப்பு, தையிலேயே மகள் மல்லிகாவுக்குக் கல்யாணம்" என்று நம் முதல் யோசனை இருக்கும், அழகான யோசனைதான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். சிஆர் 1009 போன்ற நீண்டகால நெல் ரகத்துக்கு ஏறத்தாழ 155 நாள் வேண்டும். செப்டம்பர் 30 அன்று விதைத்தால் மார்ச் 4 அளவில்தான் அறுப்பு. அதாவது மாசி மாதத்தின் மூன்றாம் வாரம். நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கொட்டிவைத்துக் காத்திருக்கும் நாள்களையும், பணம் கைக்கு வரும் நாள்களையும் சேர்த்தால் பங்குனிக்கு முன் கல்யாணம் நடத்த முடியாது. 135 நாள் ரகத்தை விதைத்தாலும் அறுப்பு தை கடைசிக்குத்தான் வரும்.

கணக்கு இடித்ததும் சோர்ந்துவிட வேண்டாம். தேதியைத் தள்ளிவைக்க மாப்பிள்ளை வீட்டாரிடம் யார் போய்க் கேட்பது என்ற கேள்வி இங்கே தானாக எழுகிறது. அஞ்சம்மாள் தனியாகப் போனால் மரியாதை இல்லை. ஆண் துணை என்று போக வேண்டுமானால் அந்தத் துணை பன்னீர்தான். நிலத்துக்காக யாரோடு மல்லுக்கட்டுகிறாளோ அவனையே அழைத்துக்கொண்டு போய், அவன் பேசி வாங்கித் தரும் தவணையில் அவள் விவசாயம் செய்ய வேண்டியிருக்கிறது. மேசைமுன் உட்கார்ந்து எவ்வளவு யோசித்தாலும் கிடைக்காத இந்தக் காட்சியை நெல் ரகத்தின் வயது கொடுத்துவிட்டது.

களத்தைப் பற்றிய தகவல்களைச் சேகரிக்கும்போதும் இதே கண்ணோடு சேகரியுங்கள். அந்தப் பகுதியில் நிலத்தடி நீர் உப்பாக இருப்பதால் ஆழ்துளைக் கிணற்றை நம்ப முடியாது என்பது வெறும் புவியியல் செய்தி அன்று. அஞ்சம்மாளுக்கு ஆற்றையும் வானத்தையும் விட்டால் மூன்றாவது வழி இல்லை என்பதே அதன் பொருள். கடலோர இறால் பண்ணைகள் குறித்து 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில் விளைநிலத்தை இறால் குளமாக மாற்றக் கூடாது என்ற கட்டளையும் இருந்தது. அப்படியானால், நிலம் இந்த ஆண்டும் தரிசாகக் கிடந்தால் தன் வேலை எளிது என்று குத்தகைக்காரர் கணக்குப் போடுவார். அஞ்சம்மாள் விதைப்பது அவருக்கு நேரடியான இடையூறு ஆகிவிடுகிறது. ஒரு தகவல் எந்த மாந்தரின் கையைக் கட்டுகிறது அல்லது அவிழ்க்கிறது என்று சொல்ல முடியாவிட்டால் அதைத் திட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள். நீலம் புயல் வந்தது என்பதால் நம் ஊரில் மழை கொட்டியது என்று எழுதிவிடவும் கூடாது. அந்த வாரத்துச் செய்தித்தாள்களைப் பழைய இதழ்களைப் பாதுகாக்கும் நூலகங்களில் புரட்டியும், அப்போது வயலில் நின்றவர்களிடம் கேட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

மாந்தர்: விருப்பம், மறைப்பு, மறுக்க முடியாத ஒருவர்

மாந்தருக்காக நீண்ட வினாப்பட்டியல்களை நிரப்பும் பழக்கம் பரவியிருக்கிறது. பிடித்த நிறம் என்ன, படித்த பள்ளி எது, ராசி என்ன என்று நூறு கேள்விகள். அவற்றை நிரப்புவதில் பல வாரங்கள் போகும், கதை ஓர் அடிகூட நகராது. எனக்குத் தெரிந்து மூன்று கேள்விகள் போதும். இவர் வாய்விட்டுக் கேட்கும் விருப்பம் எது? யாருக்கும் சொல்லாமல் மறைத்து வைத்திருப்பது எது? யாருடைய முகத்துக்கு நேராக இவரால் "முடியாது" என்று சொல்ல இயலாது?

அஞ்சம்மாளைப் பற்றி "பாசமான தாய், உழைப்பாளி, பிடிவாதக்காரி" என்று எழுதினால் அதிலிருந்து ஒரு காட்சியும் பிறக்காது. மாறாக, "ஊரே தரிசு போட்டாலும் தன் வயல் பச்சையாக இருக்க வேண்டும் என்பாள், கணவர் உயிரோடு இருந்த கடைசி ஆண்டில் அவருக்கு மருத்துவம் பார்க்க நிலத்தை விற்கலாம் என்று பேச்சு வந்தபோது தான்தான் வேண்டாம் என்றாள் என்பதை யாரிடமும் சொன்னதில்லை, திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் மகன் குமரன் கேட்டால் எதையும் மறுக்க மாட்டாள்" என்று எழுதிப் பாருங்கள். நிலத்தை விடாமல் அவள் பிடித்திருப்பதற்கான உண்மைக் காரணம் இப்போது தெரிகிறது. நிலத்தை விட்டுவிட்டால், அன்று அவள் எடுத்த முடிவுக்குப் பொருளே இல்லாமல் போய்விடும். இதை அவள் நாவலில் ஒருமுறைகூடச் சொல்ல வேண்டியதில்லை. எழுதுகிறவருக்குத் தெரிந்திருந்தால், அவள் பேசும் ஒவ்வொரு வரியிலும் அதன் பாரம் ஏறிவிடும்.

எதிரில் நிற்பவருக்கு இதைவிட அதிக நேரம் செலவிடுங்கள். பன்னீர் பேராசைக்காரனாக மட்டும் இருந்தால் நாவல் மூன்றாவது அத்தியாயத்திலேயே முடிந்துவிடும், ஏனென்றால் வாசகர் தீர்ப்பை எழுதிவிடுவார். அவன் பக்கத்து நியாயத்தை அவனே நம்பும்படி எழுதிப் பாருங்கள். சுற்றியுள்ள நிலங்கள் ஒவ்வொன்றாக இறால் குளமாகிவிட்டன. குளத்து உப்பு வரப்பைத் தாண்டிக் கசிகிறது. இன்னும் சில ஆண்டுகளில் இந்த மூன்று ஏக்கரிலும் நெல் விளையாது, அப்போது குத்தகை கேட்டும் யாரும் வர மாட்டார்கள். இது பொய்யில்லை. அஞ்சம்மாளும் இதற்குப் பதில் சொல்ல முடியாமல் நிற்க வேண்டும். அவன் மறைத்து வைத்திருப்பது, குத்தகைக்காரரிடம் முன்பணம் வாங்கி அதில் ஒரு பகுதியைச் செலவும் செய்துவிட்டான் என்பது.

துணை மாந்தரை எண்ணிக்கையில் குறைவாக வைத்து, ஒவ்வொருவரும் மையப் பிணக்கில் ஒரு பக்கத்தை இழுக்கும்படி அமையுங்கள். குமரனுக்கு நிலம் வேண்டாம், ஆனால் அம்மா அங்கே இருக்க வேண்டும். மல்லிகாவுக்குச் சித்தப்பாவைப் பிடிக்கும். அவர்தான் அவளைச் சைக்கிளில் பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டவர். இவ்வளவு போதும்.

தமிழில் எழுதுகிறவர்கள் மாந்தர் குறிப்பில் கட்டாயம் சேர்க்க வேண்டியது யார் யாரை எப்படி அழைக்கிறார்கள் என்பது. பன்னீர் அஞ்சம்மாளை "அண்ணி" என்பான், அவள் அவனைத் "தம்பி" என்பாள். உறவு சரியாக இருக்கும்வரை இந்த விளிகள் பேச்சின் தொடக்கத்திலேயே வந்து விழும். பாகப்பிரிவினைப் பேச்சு வரும் இடத்தில் "அண்ணி" என்ற விளி இல்லாமலேயே பன்னீர் நான்கு வாக்கியம் பேசிவிட்டான் என்றால், அந்த வீட்டில் என்ன உடைந்தது என்பதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. நீங்கள்–நீ, வாங்க–வா ஆகியவை எந்த இடத்தில் மாறுகின்றன என்பதைத் திட்டத்திலேயே குறித்துவையுங்கள். எழுதும் வேகத்தில் இவை தவறினால் அந்த ஊரை அறிந்த வாசகர் உடனே கண்டுபிடித்துவிடுவார்.

முடிவுகளின் சங்கிலி

இப்போது கதைப்பின்னல். நடக்கப்போகும் நிகழ்ச்சிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, இரண்டு நிகழ்ச்சிகளுக்கு நடுவில் "அதனால்" அல்லது "ஆனால்" என்று போட முடிகிறதா என்று பாருங்கள். "பிறகு" என்று மட்டுமே போட முடிகிறதென்றால் அந்த இடத்தில் சங்கிலி அறுந்திருக்கிறது.

நம் நாவலில் இதைச் செய்து பார்க்கிறேன். ஜூன் 12 அன்று அணை திறக்கவில்லை. அதனால் ஆடியில் பன்னீர் குத்தகைப் பத்திரத்தோடு வருகிறான். ஆனால் அஞ்சம்மாள் கையெழுத்துப் போட மறுக்கிறாள். முன்பணம் வாங்கிவிட்டதால் அவனால் சும்மா இருக்க முடியவில்லை. அதனால் பாகம் பிரிக்கச் சொல்கிறான். பாகம் பிரிந்தால் வாய்க்காலை ஒட்டிய மேல்பாதி அவனுக்குப் போகும் நிலை இருப்பதால், நிலம் பயிரில் இருக்கும்போது பிரிக்க வேண்டாம் என்று ஊர்ப் பெரியவர்களைச் சொல்லவைக்க அவளுக்கு அவசரமாக ஒரு பயிர் வேண்டியிருக்கிறது. அதனால் தண்ணீருக்குக் காத்திராமல், மற்றவர்கள் தயங்கி நிற்கையில், ஆவணியிலேயே புழுதியில் நேரடி விதைப்பு செய்கிறாள். பன்னீர் ஒத்துழைக்காததால் பயிர்க்கடனுக்கு வழியில்லை. அதனால் மல்லிகாவுக்குச் சேர்த்துவைத்த சங்கிலியைச் சொல்லாமல் அடகு வைக்கிறாள். ஒரு தூறலில் விதை முளைக்கிறது. ஆனால் அடுத்த மழை வராமல் முளை கருகுகிறது. செப்டம்பர் 17 அன்று அணை திறக்கிறது; மறுவிதைப்புக்குப் பணம் வேண்டும்; கேட்கக்கூடிய இடம் ஒன்றே ஒன்றுதான். பன்னீர் கொடுக்கிறான், மறுபேச்சில்லாமல் கொடுக்கிறான். அது இறால் குத்தகையின் முன்பணம் என்பது அவளுக்குத் தெரியாது.

சங்கிலியின் இந்தக் கண்ணிதான் நாவலின் நடு. எந்தப் பணத்தை மறுத்து அவள் விதைத்தாளோ அதே பணம் அவள் வயலில் முளைத்து நிற்கிறது. இப்படி, நாயகரின் சொந்த முயற்சியே அவரை எதிரியின் பிடிக்குள் கொண்டுபோய்விடும் ஓர் இடம் கிடைக்கும்வரை திட்டத்தை மாற்றிக்கொண்டே இருங்கள். அது கிடைத்துவிட்டால் பின்பாதி எழுதுகிறவரைத் தேடி வரும். முன்பணத்தின் உண்மை வெளிவரும் நாள், கார்த்திகையில் பயிர் கண்ணுக்குக் குளிர்ச்சியாக நிற்கும் நாளாக இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. பயிர் காய்ந்த பிறகு வெளிவந்தால் துயரத்தின் மேல் துயரமாகக் குவியுமே தவிர, அவளுக்கு முடிவெடுக்க ஒன்றும் மிஞ்சாது.

முடிவுக் காட்சியைத் தீர்மானித்துவிட்டுத் தொடங்க வேண்டுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். கடைசி முடிவைத் தீர்மானியுங்கள், கடைசிக் காட்சியை விட்டுவையுங்கள் என்பதே என் பதில். மார்கழியில் சம்பா காய்ந்த பின் அஞ்சம்மாள் கையெழுத்துப் போடுகிறாள். ஆனால் குத்தகைப் பத்திரத்தில் போடாமல் பாகப்பிரிவினைப் பத்திரத்தில் போடுகிறாள். மேல்பாதி பன்னீருக்கும், உப்பு ஏறக்கூடிய கீழ்ப்பாதி தனக்கும் என்று அவளே சொல்கிறாள், பட்ட கடனுக்கு ஈடாக. இது அவளுடைய தோல்வியா, அவள் தேடிக்கொண்ட விடுதலையா என்பதை எழுதும்போது கண்டுபிடித்தால் போதும். அந்தக் கையெழுத்து பத்திரப்பதிவு அலுவலகத்தில் நடக்கிறதா, வீட்டுத் திண்ணையில் நடக்கிறதா, மல்லிகா அருகில் இருக்கிறாளா என்பவற்றை இப்போதே முடிவு செய்தால், எழுத்து அந்த இடத்துக்கு வரும்போது உங்களுக்கே அதில் ஆர்வம் இருக்காது.

யார் சொல்கிறார், எந்தத் தமிழில்

பார்வைக்கோணத்தைத் தேர்வதற்கு எளிய வழி, எந்த இரகசியம் வாசகருக்கு எப்போது தெரிய வேண்டும் என்று கேட்பது. பன்னீரின் முன்பணம் வாசகருக்கு முன்பே தெரிந்து அஞ்சம்மாளுக்குத் தெரியாமல் இருந்தால், அவள் அந்தப் பணத்தை வாங்கும் காட்சியில் வாசகர் பதைப்பார். அதற்கு இருவர் மனத்துக்குள்ளும் மாறி மாறிப் போகும் படர்க்கை நடை தேவை. அவளோடு சேர்ந்துதான் வாசகரும் அதிர வேண்டும் என்றால் அவள் பார்வையைவிட்டு விலகாதீர்கள். இந்தக் கதைக்கு நான் முதல் வழியையே தேர்வேன்.

உரையாடல் வட்டார வழக்கில் இருக்கும் என்பதில் பெரும்பாலும் ஐயமில்லை; கதைசொல்லியின் தமிழ் எது என்பதுதான் முன்கூட்டியே தீர்க்க வேண்டிய கேள்வி. இரண்டு பக்கங்களை எழுத்துத் தமிழிலும் அதே இரண்டு பக்கங்களை ஊர் வழக்கிலும் எழுதிப் பார்த்து ஒன்றைத் தேர்ந்துவிடுங்கள். பாதி நாவலுக்குப் பிறகு இதை மாற்றுவது ஏறத்தாழப் புதிதாக எழுதுவதற்குச் சமம்.

காட்சிகளாகப் பிரித்தல்

சங்கிலி உறுதியானதும் காட்சிப் பட்டியல் விரைவாக அமைந்துவிடும். ஒவ்வொரு காட்சிக்கும் இரண்டு வரி போதும்: உள்ளே வருகிறவர் எதைக் கேட்டு வருகிறார், வெளியே போகும்போது எது மாறியிருக்கிறது. எதுவும் மாறாத காட்சியை, அதில் எவ்வளவு அழகான வருணனை இருந்தாலும், இன்னொரு காட்சியோடு சேர்த்துவிடுங்கள். அணையில் இன்று எத்தனை அடி என்று டீக்கடையில் கேட்டுக்கொள்வது டெல்டாவின் அன்றாடப் பேச்சு. அதற்கென ஒரு முழு அத்தியாயம் வேண்டாம், ஆனால் அடகுக்கடைக்குப் போகும் வழியில் அஞ்சம்மாளின் காதில் அது விழலாம். முப்பது அத்தியாயம், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2,000 சொல் என்று வைத்தால் 60,000 சொல் வரும்; முதல் நாவலுக்கு அது கைக்கு அடங்கும் அளவு. பருவங்களின்படி காத்திருப்பு, விதைப்பு, மழை, அறுப்பு என்று நான்காகப் பிரித்தால் நான்கும் சம அளவில் இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. இந்தக் கதையில் விதைப்புக்குத்தான் அதிக இடம் வேண்டும், முடிவுகள் அங்கேதான் குவிந்திருக்கின்றன.

எப்போது எழுதத் தொடங்கலாம்

திட்டமிடல் ஓர் இடத்துக்கு மேல் எழுதாமலிருப்பதற்கான சாக்காக மாறிவிடும். அதைத் தடுக்க, முதல் அத்தியாயத்தை எழுதும் முன் நடுவிலிருந்து ஒரு காட்சியை எழுதிப் பாருங்கள். நம் கதையில் அது மறுவிதைப்புக்கு அஞ்சம்மாள் பணம் கேட்கும் காட்சி. குறிப்பேட்டைத் திறக்காமல் அதை எழுத முடிந்தால், இருவரும் உங்களுக்குப் பிடிபட்டுவிட்டார்கள், நாளைக்கே தொடங்கலாம். பன்னீர் ஏன் உடனே கொடுக்கிறான் என்ற இடத்தில் கை நின்றால், அவனுடைய குறிப்புக்குத் திரும்பிப் போங்கள். அண்ணன் மனைவிக்கு அவன் பட்டிருக்கும் பழைய நன்றிக்கடன் ஏதோ ஒன்று இன்னும் எழுதப்படாமல் இருக்கிறது என்று பொருள்.

எழுதத் தொடங்கிய பின் மாந்தர் திட்டத்தை மீறுவார்கள். அப்போது அவர்களைப் பழைய பாதைக்கு இழுத்துவர வேண்டாம். எழுத்தையும் நிறுத்த வேண்டாம். ஏழெட்டு அத்தியாயங்களுக்கு ஒருமுறை ஒரு நாளை ஒதுக்கி, அதுவரை எழுதியதை வைத்துச் சங்கிலியின் மீதிக் கண்ணிகளைப் புதிதாக எழுதுங்கள். நாட்காட்டித் தாளை மட்டும் மாற்றாமல் வைத்திருங்கள். அஞ்சம்மாள் என்ன முடிவெடுத்தாலும், அந்த ஆண்டு அணை திறந்தது செப்டம்பர் 17 அன்றுதான்.